வலது கண் வில்லை, ஆறாவது வருடத்தில்

மஸ்கெலியாவிலிருந்து பழைய சகா ஒருவர் போன கிழமை போன் எடுத்தார். "அண்ணே, எனக்கும் வெண்புரைன்னு சொல்லிட்டாங்க. ஒங்க கண்ணு இப்ப எப்படி இருக்கு?" போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

2019 டிசம்பரில் வலது கண்ணில் புரையை எடுத்து, செயற்கை வில்லை வைக்கும் ஒப்பரேஷன் செய்தேன். மரத்துப்போக மருந்து, அரைமணி கூட இல்லை, வலியும் இல்லை. மறுநாள் கட்டு அவிழ்த்தார்கள். கிட்டத்தில் வாசிக்க மட்டும் கண்ணாடி வேண்டும். இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். யாரும் எனக்குச் சொல்லாதது நிறத்தைப் பற்றி.

முப்பத்தொரு வருடம் தேயிலை பெக்டரியில் இருந்தவன் நான். சுடுதண்ணீர் ஊற்றி வடித்த இலை புதுச் செம்பு மாதிரி மின்ன வேண்டும். கடைசி இரண்டு வருடம் அது எனக்கு மங்கலாகவே தெரிந்தது. இலையை வாட்டியது சரியில்லை என்று பெக்டரிப் பையன்களைத் திட்டித் தீர்த்தேன். கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்த அன்று, வெள்ளைக் கோப்பையில் சாயத் தண்ணீரை ஊற்றிவைத்து, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன். இடது கண்ணுக்கு அது கஷாயம், கோப்பையே பழுப்பு. வலது கண்ணுக்கு நல்ல சிவப்பு, ஓரத்தில் மெல்லிய பொன் வளையம், கோப்பை பால் வெள்ளை. புரை முற்ற முற்ற நம் சொந்த வில்லை மஞ்சளித்து நீலத்தை மறைத்துவிடுமாம். குறை இலையில் இல்லை, என் கண்ணில் இருந்திருக்கிறது. அந்தப் பையன்களில் இரண்டு பேரைத் தேடிப் போய் இதைச் சொன்னேன்.

அப்புறம் 2022 ஜூன். பெட்ரோலுக்கு ஊரே வரிசையில் நின்ற நேரம். ஹட்டன் ஸ்டாண்டில் பஸ் பெயர்ப்பலகை எனக்குப் பனிமூட்டத்துக்குள் இருப்பது போலத் தெரிந்தது. வெயில் நேரத்திலும் அப்படித்தான். வைத்த வில்லை கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். கண்டிக்குப் போய்வர வழியில்லாமல், பயத்திலும், ஒன்பது மாதம் சும்மா இருந்துவிட்டேன்.

2023 மார்ச்சில் காட்டியபோது டொக்டர் பார்த்த உடனே சொல்லிவிட்டார். புரையை எடுக்கும்போது அதன் மெல்லிய பையை விட்டுவைத்து, அதற்குள்தான் புது வில்லையை வைக்கிறார்கள். மிஞ்சிய செல்கள் பையின் பின்பக்கம் படர்ந்து அதை மங்கச் செய்யும். பலருக்கு வருவதுதானாம். நாடியை ஒரு தாங்கியில் வைத்து உட்கார வைத்தார்கள். யாக் என்ற லேசர் ஒளியால் பையின் நடுவில் சின்ன வாசல் திறந்தார்கள். டிக் டிக் என்று சில சத்தம், சில நிமிடம், அவ்வளவுதான். பூச்சி மாதிரி சில புள்ளிகள் கொஞ்ச நாள் மிதந்தன. மின்னல் அடித்தாலோ, திரை விழுந்த மாதிரி இருந்தாலோ உடனே வரச் சொன்னார், விழித்திரை கழன்றிருக்கலாம் என்று. எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை.

வில்லை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 1949இல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி என்ற கண் டொக்டர் முதன்முதலாக இப்படி ஒன்றை வைத்தார். யுத்த விமானத்தின் பிளாஸ்டிக் சில்லு விமானிகளின் கண்ணுக்குள் இருந்தும் கண் அதைச் சும்மா விட்டதைக் கவனித்து வந்த யோசனை அது. என் கண்ணில் இருப்பதும் அந்த அக்ரிலிக் வகைதான், சாகும்வரை இருக்கும்.

கோபம் வேறு இடத்தில். முதல் தடவை வீட்டுக்கு அனுப்பும்போது, சொட்டு மருந்து எத்தனை தரம், தலையில் தண்ணீர் படக்கூடாது, வலியும் சிவப்பும் வந்து பார்வை குறைந்தால் ஓடி வா என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார்கள். கிருமி புகுந்தால் கண்ணே போய்விடும், அதனால் அது சரி. ஆனால் "பிறகு மங்கலாம், பயப்படாதே, லேசரில் சரியாகும்" என்று ஒரு வரி யாரும் சொல்லவில்லை. அந்த ஒன்பது மாதமும் தோட்டத்து லய வீடுகளில் கேட்டவர்களுக்கெல்லாம் "செய்யாதீங்க, எனக்குக் கெட்டுப்போச்சு" என்றேன். அதைக் கேட்டு ஒரு அம்மா திகதியைத் தள்ளிப்போட்டார். ஈரப்படியில் கால் வைத்த இடம் தெரியாமல் விழுந்து இடுப்பு முறிந்தது. இன்றைக்கும் தடியோடுதான் நடக்கிறார். அவர் வீட்டு வாசலைக் கடக்கும்போது தலை நிமிர முடியவில்லை.

ஆகவே தம்பி, நீங்கள் தள்ளிப்போடாமல் செய்யுங்கள். பின்னால் என்ன வரும் என்பதையும் முதலிலேயே கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள்.

நான் இடது கண்ணை இன்னும் கொடுக்கவில்லை. இரண்டு தரம் திகதி தந்தார்கள், இரண்டு தரமும் போகவில்லை. காலையில் கோப்பையைப் பார்க்கும்போது போகலாம் என்று தோன்றுகிறது. அந்த அம்மாவின் தடிச் சத்தம் கேட்டதும் மனசு மாறிவிடுகிறது.