ஏசாயா கண்ட அரியணை, தோல்மேல் மை: சவக்கடல் சுருள் இணையதளத்தில் 6-ஆம் அதிகாரம்

உசியா 52 ஆண்டுகள் யூதாவை ஆண்டவர். அவர் இறந்த ஆண்டில்தான், ஏறத்தாழ கி.மு. 740-ல், உயர்ந்த அரியணையில் ஆண்டவர் வீற்றிருப்பதைத் தீர்க்கதரிசி ஏசாயா காண்கிறார். அரண்மனை அரியணை வெறுமையாகிறது. ஆலயத்திலோ வஸ்திரத்தொங்கல் மட்டுமே இடம் முழுவதையும் நிறைத்துவிடுகிறது. இந்தக் காட்சியின் பழமையான எழுத்துப்படியை இன்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகம் கூகுளுடன் சேர்ந்து 2011-ல் தொடங்கிய சவக்கடல் சுருள் இணையதளம், பெரிய ஏசாயா சுருளை முழுமையாகக் காட்டுகிறது. கட்டணம் இல்லை.

1947-ல் சவக்கடலோரக் கும்ரான் குகையில் கிடைத்த இச்சுருள் 17 தோல்களைத் தைத்துச் செய்யப்பட்டது, நீளம் 7.34 மீட்டர், அதில் பக்கம்போல் அடுத்தடுத்து நிற்கும் 54 பத்திகள். எழுதப்பட்ட காலம் சுமார் கி.மு. 125. முழு எபிரேய வேதாகமத்தைக் கொண்ட மிகப் பழைய கைப்பிரதியான லெனின்கிராட் பிரதி கி.பி. 1008-ஐச் சேர்ந்தது. சுருள் அதைவிட ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது.

ஆறாம் அதிகாரம் ஐந்தாம் பத்தியின் கீழ்ப்பகுதியில் தொடங்கி ஆறாம் பத்திக்குள் போகிறது. பத்தி முறிவது ஏழாம் வசனத்தில், சேராபீன் என்னும் விண்ணகத் தூதர் நெருப்புத்தழலால் தீர்க்கதரிசியின் வாயைத் தொடும் இடத்தில். எபிரேயம் வலமிருந்து இடம் ஓடுவதால் அடுத்த பத்திக்கு இடப்பக்கம் நகர வேண்டும். வலப்பக்கம் போனால் ஏற்கெனவே வாசித்ததுதான் வரும். முதன்முறை வருபவர் தடுமாறுவது இங்கேதான். அதிகார, வசன எண்களைக் கொண்டு இடத்தைத் தேட வழி செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த எண்கள் தளத்தார் மேலே பொருத்தியவை. சுருளில் எண்ணும் இல்லை, உயிர்க்குறியும் இல்லை.

முதலில் மூன்றாம் வசனத்துக்குப் போங்கள். கோஃப், தாலெத், வாவ், ஷின்: நான்கு எபிரேய எழுத்துகளாலான சொல், 'கதோஷ்', அதாவது 'பரிசுத்தர்'. மூன்று கிளை விரித்து நிற்கும் ஷின்னை வைத்து எளிதில் பிடித்துவிடலாம். எண்ணிப் பாருங்கள். "பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்" என்று நாம் மூன்று முறை சொல்லிப் பழகிய இடத்தில் இரண்டே உண்டு. யூத மரபு காத்துவந்த எபிரேயப் பாடமான மசோரா பாடத்திலும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் மூன்று இருப்பதால், அடுத்தடுத்து வந்த ஒரே சொல்லில் எழுத்தரின் கண் ஒன்றைத் தாண்டிவிட்டது என்பதே பொருத்தமான விளக்கம். இதே சுருளில் விட்டுப்போன பல சொற்கள் பின்னர் வரிகளுக்கு மேலே பொடியெழுத்தில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இங்கே யாரும் சேர்க்கவில்லை. அச்சுநூலில் அடிக்குறிப்பாகக் கடந்துபோகும் செய்தி இது. மை பட்ட தோலிலேயே பார்க்கும்போது மனம் அங்கேயே நின்றுவிடுகிறது.

தளத்தின் அருமை முழுமையாகத் தெரிவது ஆறாம் பத்தியில், ஒன்பதாம் வசனத்தில். "கேளுங்கள், ஆனால் உணராதீர்கள்" என்பது மக்களிடம் சொல்லும்படி அரியணையிலிருந்து வரும் கட்டளை. மசோரா பாடத்தில் இந்த மறுப்புச் சொல் ஆலெஃப், லாமெத். சுருளில் ஆலெஃபுக்குப் பதில் அயின் இருக்கிறது. வரிக்கு மேலே கழுத்தை நீட்டி நிற்கும் லாமெத்தைக் கண்டுபிடித்து, அதற்கு வலப்பக்கம் உள்ள எழுத்தைப் பெரிதாக்குங்கள். பெருக்கல் குறிபோல் குறுக்கிட்டால் ஆலெஃப். இரு கிளையாகப் பிரிந்தால் அயின். ஒரே வசனத்தில் இது இருமுறை வருகிறது. அயினோடு வாசித்தால் "உணராதீர்கள்" என்பது "உணர்வதன் பொருட்டு" என்று மாறிவிடும். அடுத்த வசனத்திலும் இதயத்தைக் 'கொழுக்கச் செய்' என்ற சொல்லின் கடைசி நூன் காணாமல்போய், 'திகைக்கச் செய்' என்று படிக்கும்படி நிற்கிறது. தொண்டையொலிகள் மங்கிவிட்ட காலத்தில், நம்மில் சிலர் ழகரத்துக்கு ளகரம் எழுதுவதுபோல, எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார் என்பது ஒரு சாரார் கருத்து. கட்டளையின் கடுமையைத் தணிக்க வேண்டுமென்றே மாற்றினார் என்பது மறு சாரார் கருத்து. நூன் விடுபட்டதை ஒலிக்குழப்பம் விளக்காது என்பதால் இரண்டாவது கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கேளாமையும் அரியணையில் வீற்றிருக்கும் அந்த அரசரின் ஆணைக்கு உட்பட்டதுதானா என்பதே கேள்வி. இக்காட்சியில் இதைவிடக் கனமான இடம் வேறில்லை.

குறைகளும் உண்டு. வசனத்தைத் தொட்டால் ஆங்கிலப் பெயர்ப்பு தோன்றுகிறது, தமிழ் இல்லை. வாசிக்கும் பெயர்ப்பு சுருளைத் தழுவியதா, மசோராவைத் தழுவியதா என்று பார்த்துக்கொள்ளாவிட்டால் மேலே சொன்ன வேறுபாடுகள் கண்ணுக்கே படாது. வாவும் யோதும் இந்தக் கையெழுத்தில் பல இடங்களில் ஒன்றுபோலவே இருப்பதால், புதிதாக எபிரேயம் கற்பவர் படத்தை மட்டும் நம்பிச் சொல்லைப் பிரித்தால் தவறிவிடும். அச்சிட்ட எபிரேயப் பாடம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். படங்கள் கனமானவை; இணைப்பு மெதுவானால் பெரிதாக்கியதும் சற்று நேரம் மங்கலாகவே இருக்கும். தெளிந்த பிறகு எழுத்தைக் கணியுங்கள்; மங்கலில் ஆலெஃபும் அயினும் ஒன்றாகவே தோன்றும். கைப்பேசியில் பத்தியின் முழு அகலமும் படிக்கும் அளவில் அடங்காது என்பதால் பெரிய திரையே ஏற்றது.

எருசலேமுக்கே போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: சுருள்களுக்காக 1965-ல் திறக்கப்பட்ட மண்டபத்தின் நடுவில் வட்டமாகச் சுற்றி வைத்திருக்கும் ஏசாயா சுருள் நகல்தான். ஒன்பதாம் வசனத்தின் அயினை எழுத்தெழுத்தாகப் பார்க்க இந்தத் தளமே வசதி.