பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்பு: மூச்சுப் பயிற்சி சிறப்பு, ஆழப் பயிற்சி இல்லை

கோவையில் தனியார் நீச்சல் குளம் ஒன்றில், நீச்சல் அறவே தெரியாத பெரியவர்களுக்கென்று காலை வேளையில் மூன்று வாரத் தொடக்கநிலை வகுப்பு நடத்துகிறார்கள். நாற்பது வயதைக் கடந்த பிறகு அதில் சேர்ந்து முடித்தவன் என்ற முறையில், சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஊர்ப்புறத்தில் பிறந்தவர்கள் முதுகில் சுரைக்குடுக்கையோ காலி பிளாஸ்டிக் கேனோ கட்டிக்கொண்டு சிறு வயதிலேயே கிணற்றில் பழகிவிடுகிறார்கள். அந்த வாய்ப்பு இல்லாமல் வளர்ந்து, தண்ணீரைக் கண்டாலே உடல் விறைத்துப்போகும் ஒருவருக்கு எடுத்த எடுப்பில் கை வீசக் கற்றுக்கொடுப்பதில் பயனில்லை. இந்த வகுப்பின் பயிற்சியாளர் அதை நன்றாக அறிந்தவர். முதல் வாரம் முழுவதும் அவர் கை வீச்சைப் பற்றிப் பேசவே இல்லை. குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முகத்தை நீருக்குள் வைத்து, குமிழி குமிழியாக மூச்சை வெளியே விடுவதுதான் பாடம். நீருக்குள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தால் உடலில் கரியமில வாயு சேர்ந்து திணறல் தொடங்கிவிடும். தலையை வெளியே எடுக்கும் அந்த ஒரு நொடியில் பழைய மூச்சை விடவும் வேண்டும், புதியதை இழுக்கவும் வேண்டும் என்ற நெருக்கடியும் வரும். உள்ளேயே விட்டுவிட்டால், வெளியே வந்ததும் இழுப்பது ஒன்றுதான் வேலை. இவ்வளவு எளிய செய்தியை எனக்கு இதற்குமுன் யாரும் சொன்னதில்லை.

அடுத்து மிதத்தல். நுரையீரல் நிறையக் காற்று இருக்கும்போது பெரும்பாலானோரின் உடல் நீரைவிடச் சற்றே இலேசானது என்பதால் மிதக்கிறது. ஆனால் காற்று இருப்பது நெஞ்சில், கனம் இருப்பது இடுப்பிலும் காலிலும் என்பதால் கால்கள் தாழ்கின்றன. அச்சத்தில் தலையைத் தூக்கினால் இன்னும் தாழும். ஆகவே குளத்தின் தரையைப் பார்த்தபடியே கிடக்கச் சொன்னார். அதைவிட முக்கியமாக, மிதக்கும் நிலையிலிருந்து எழுந்து நிற்பதைத் தனிப் பாடமாகவே நடத்தினார்: முழங்கால்களை நெஞ்சுக்கு இழுத்து, இரு கைகளாலும் நீரைக் கீழே அழுத்தி, தலையை உயர்த்தி, பிறகு காலை ஊன்ற வேண்டும். எந்த நேரத்திலும் நின்றுவிட முடியும் என்ற உறுதி கிடைத்த பிறகுதான் எங்களில் பலருக்கு உடல் தளர்ந்தது. நான் கட்டிய கட்டணம் இந்த ஒரு பாடத்துக்கே தகும்.

குளத்தின் பராமரிப்பும் மனநிறைவு தருகிறது. குளோரின் அளவையும் அமிலக் காரத் தன்மையையும் நாள்தோறும் பலகையில் எழுதிவைக்கிறார்கள், பின்னது 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் இருப்பது நல்லது. மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை தூய்மையின் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைன்களின் வாடை அது. இங்கே அது இல்லை. குளித்துவிட்டே இறங்க வேண்டும், தொப்பியும் நைலான் உடையும் கட்டாயம் என்ற விதிகளையும் கண்டிப்பாகப் பின்பற்றுகிறார்கள். கண்ணாடியை மட்டும் வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள்: பட்டையை மாட்டாமல் கண்ணில் வைத்து அழுத்தினால் ஓரிரு நொடி ஒட்டி நிற்பதே உங்கள் முகத்துக்குப் பொருந்தும்.

குறைகளில் ஒன்று பெரியது. வகுப்பு முழுவதும் மார்பளவு நீரிலேயே முடிந்துவிடுகிறது. குளத்தின் குறுக்கே ஒருமுறை நீந்திக் கடந்தவர்களுக்குச் சான்றிதழும் கொடுத்துவிடுகிறார்கள். கால் எட்டாத ஆழத்தில் நின்ற இடத்திலேயே மிதப்பதற்கோ, களைத்தால் மல்லாந்து கிடந்து மூச்சு வாங்குவதற்கோ பயிற்சி இல்லை. இந்தியாவில் ஆண்டுதோறும் 30,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். ஆற்றிலும் வாய்க்காலிலும் கல்குவாரிக் குட்டையிலும் மார்பளவில் தரை கிடைக்காது என்னும்போது, அந்தச் சான்றிதழை நம்பி ஒருவர் அங்கே இறங்கிவிடக்கூடும் என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. நிர்வாகம் ஒரு வாரத்தை நீட்டித்தாவது இதைச் சேர்க்க வேண்டும்.

மே மாதத்தில் சேர வேண்டாம். சிறுவர்களின் கோடை முகாமால் குளம் நிறைந்துவிடுகிறது. பெண்களுக்குப் பெண் பயிற்சியாளரோடு தனி நேரம் உண்டு. பணம் கட்டும் முன்பே ஆழப் பகுதிப் பயிற்சி வேண்டும் என்று கேளுங்கள். கேட்பவர்களுக்குத் தனிக் கட்டணத்தில் அதே பயிற்சியாளர் கற்றுத்தருகிறார், நானும் அப்படித்தான் தொடர்கிறேன்.