நர்ஸ் வந்தார் என்கிறது செயலி: கும்பகோணத்து ஹோம் நர்சிங் சேவை ஒன்றைப் பற்றி

கும்பகோணத்தோடு சுவாமிமலை, திருவிடைமருதூர், நாச்சியார்கோயில் பகுதிகளிலும் இயங்கும் ஒரு ஹோம் நர்சிங் நிறுவனத்தின் சேவையை, பக்கவாதத்துக்குப் பிறகு படுக்கையிலேயே இருக்கும் என் தாயாருக்காகச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இரண்டு வேளை இன்சுலின், சிறுநீர்க் குழாய்ப் பராமரிப்பு, படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்வது ஆகிய மூன்றுதான் எங்கள் தேவை. நிறுவனத்தின் விளம்பரத் தாளில் நர்ஸ்களைப் பற்றி இரண்டே வரிகள் இருக்கின்றன. மீதி முழுவதும், நர்ஸ்களின் வருகையையும் வேலையையும் பதிவு செய்யும், யாரும் ஏமாற்றவே முடியாது என்று அவர்கள் சொல்லும் செயலியைப் பற்றியது. கூட்டுறவுத் துறையில் தணிக்கை வேலை பார்த்து ஓய்வு பெற்றவனிடம் இப்படி ஒரு தாளைக் கொடுத்தால் அவன் சும்மா இருப்பானா? குறைகளையும் ஒரு பணத் தகராறையும் சொல்ல வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

இந்தத் தொழிலில் முறைகேடு எப்படி நடக்கும் என்பதை, வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் எந்த டெல்டா வீட்டிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள்; பணம் மாதம் தவறாமல் வந்துவிடும்; யார் எத்தனை மணிக்கு வந்தார், என்ன செய்தார் என்று சொல்லும் தெம்பு கட்டிலில் இருப்பவருக்கு இருக்காது. வராத நாளுக்கும் பில் போடுவது, ஒரு மணி நேர வேலையைக் கால் மணியில் முடிப்பது, ஜி.என்.எம். என்னும் நர்சிங் டிப்ளமா படித்தவரின் பெயரைப் பதிந்துவிட்டுப் பயிற்சியே இல்லாத ஒரு பெண்ணை அனுப்புவது, பிரஷர் பார்க்காமலேயே நேற்றைய எண்ணை இன்றைக்கும் எழுதுவது என்று அதில் பல வகை உண்டு. வீட்டார் மட்டும் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. ஏஜென்சி அனுப்பிய அட்டெண்டரைத் தனியாகப் பேசி வைத்துக்கொண்டு கமிஷனைத் தவிர்ப்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

வீடு தேடிச் சென்று செய்யும் பராமரிப்பை மின்னணு முறையில் சரிபார்ப்பதை அமெரிக்காவில் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள். அங்கே 2016இல் நிறைவேறிய ‘ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி க்யூர்ஸ்’ சட்டப்படி, மெடிகெய்ட் என்னும் அரசு மருத்துவ உதவித் திட்டத்தின் பணத்தில் நடக்கும் வீட்டுப் பராமரிப்பில் ஒவ்வொரு வருகைக்கும் ஆறு விவரங்கள் பதிவாக வேண்டும்: என்ன சேவை, யாருக்கு, யாரால், எந்தத் தேதியில், எந்த இடத்தில், எப்போது தொடங்கி எப்போது முடிந்தது. இதைச் செய்யாத மாநிலங்களுக்கு மத்திய அரசு தரும் பங்கு குறைக்கப்படும். அங்கே இழப்பு அரசுக் கஜானாவுக்கு என்பதால் அரசே கணக்குக் கேட்கிறது. இங்கே பணம் பெரும்பாலும் வீட்டாரின் பையிலிருந்தே போவதால் கேட்க வேண்டியவர்களும் வீட்டார்தான். எங்கள் நிறுவனம் அந்த ஆறையும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. கவனித்துப் பார்த்தால், ஆறில் ஐந்து வருகையைப் பற்றியவை. வேலையைப் பற்றியது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் வேலையின் பெயரைத்தான் கேட்கிறது, வேலை நடந்ததா என்று கேட்பதில்லை. இந்தச் செயலியின் பலமும் பலவீனமும் அங்கேயே தொடங்கிவிடுகின்றன.

வருகைப் பதிவை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு திண்ணை, ரேழி, முற்றம் என்று கொல்லை வரை நீளும் பழைய வீடு. இரண்டு பக்கமும் சுவர் பொதுச்சுவர். செயலி ஜி.பி.எஸ். வழியாக வீட்டைச் சுற்றி நூறு மீட்டர் வளையம் போட்டிருக்கிறது. அந்த வளையத்துக்குள் தெருமுனை டீக்கடையும் அடக்கம் என்பதால், டீ குடித்துக்கொண்டே ‘வருகை தொடங்கியது’ என்று பதிய முடியும். நேர்மாறாக, உள்ளறையில் கட்டிலருகே நிற்கும் நர்ஸின் புள்ளி சில சமயம் பின்தெருவுக்குத் தாவி, அவர் இடத்தில் இல்லை என்று சிவப்புக் குறி விழுகிறது. போலி இருப்பிடம் காட்டும் செயலி போனில் இருந்தால் பதிவே ஆகாது என்பதை நிறுவனத்தின் மேலாளர் என் எதிரில் செய்து காட்டினார். அது மெச்சத்தக்க ஏற்பாடு.

தொடக்கத்தில் ஒவ்வொரு வருகைக்கும் நோயாளியோடு சேர்த்து ஒரு படம் எடுக்கச் சொன்னார்கள். படுக்கையில் கிடக்கும் ஒரு மூதாட்டியை நாளுக்கு இரண்டு முறை படம் பிடிப்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. படத்தால் பெரிய பயனும் இல்லை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தனிநபர் பயன்பெறும் வேலைகள் தவிர மற்ற எல்லா வேலையிடங்களிலும் செயலியில் படம் ஏற்றி வருகை பதிவது 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. பழைய படத்தையே மறுபடி படம் பிடித்து ஏற்றும் முறைகேடு நடக்கிறது என்று 2025இல் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுத வேண்டியதாயிற்று. என் மறுப்புக்குப் பிறகு, கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிய க்யூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்யும் முறைக்கு மாறினார்கள். அட்டையையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்றாலும், இருப்பிடமும் அட்டையும் ஒருசேரப் பொருந்த வேண்டும் என்பதால் டீக்கடைப் பதிவு ஓரளவு நின்றிருக்கிறது. கைரேகைக் கருவியைப் பற்றியும் பேச்சு வந்தது. ரேகை பதியாமல் ரேஷன் கடையிலிருந்து திரும்பும் முதியவர்களைப் பார்த்த ஊர் என்பதால் அந்தப் பேச்சு நீளவில்லை.

வருகை முடியும்போது வீட்டாரின் போனுக்கு ஓ.டி.பி. வரும், அதைச் சொன்னால்தான் பில் ஆகும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது யாருடைய போனுக்குப் போகிறது என்பதில் எல்லாம் இருக்கிறது. "சார், ஓ.டி.பி. வந்திருக்கும், கொஞ்சம் சொல்லிடுங்களேன், ஆத்துப்பாலத்துக்கிட்ட வந்துட்டேன்" என்று ஒரு நாள் மாலை எனக்கே அழைப்பு வந்தது. நான் வீட்டில் இருந்ததால் மறுக்க முடிந்தது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் எண்ணைக் கொடுத்திருந்தால், அவர் அலுவலகத்தில் ஏதோ வேலையாக இருக்கும்போது அந்த ஆறு இலக்கத்தைச் சொல்லிவிட்டுப் போனை வைத்திருப்பார். வீட்டில் இருப்பவர் ஒருவரின் எண்ணைக் கொடுப்பதே சரி.

இனி, பணம் சம்பந்தப்பட்ட பகுதி. நாங்கள் வாங்கும் இன்சுலின் குப்பி 10 மில்லி கொண்டது; மில்லிக்கு 40 யூனிட் என்றால் மொத்தம் 400. என் தாயாருக்குக் காலையில் 12, இரவில் 8, ஆக நாளுக்கு 20 யூனிட். ஒரு குப்பி இருபது நாள் வரும்; இரண்டு மாதத்துக்கு மூன்று குப்பி போதும். பில்லில் மாதத்துக்கு இரண்டு வீதம் நான்கு குப்பிகள் இருந்தன. ஊசியில் வீணாவதைத் தாராளமாகக் கணக்கிட்டாலும் நான்காவது குப்பிக்கு இடமில்லை. இதைக் கண்டபின் குளுக்கோமீட்டரை எடுத்து அதன் நினைவகத்தைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். செயலியில் ஒரு வாரத்து இரவுகளுக்கு 142, 138, 145 என்று அழகான எண்கள் ஏறியிருந்தன. மீட்டரில் அந்த இரவுகளுக்குப் பதிவே இல்லை. அந்த வாரம் வழக்கமான நர்ஸ் விடுப்பில் இருந்ததால் மாற்று நர்ஸ் வந்திருந்தார். வருகை ஒவ்வொன்றும் பச்சைக் குறியோடு, ஓ.டி.பி.யோடு, குறையில்லாமல் பதிவாகியிருந்தது. ஒரு குப்பியின் விலை பெரிய தொகையில்லை. சர்க்கரை பார்க்காமல் இன்சுலின் போடுவதுதான் எனக்குக் கவலை. சர்க்கரை அளவு 70க்குக் கீழே இறங்கியிருக்கும் நேரத்தில் வழக்கமான அளவைப் போட்டால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம், அதுவும் மயக்கம் வருகிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத நோயாளிக்கு.

நிறுவனம் இதை மறைக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். மேலாளர் வீட்டுக்கு வந்து மீட்டரையும் செயலியையும் அருகருகே வைத்துப் பார்த்தார். குப்பிக்கான பணமும் அந்த வாரத்துக் கட்டணமும் திரும்பி வந்தன. இப்போது எங்கள் மீட்டர் ப்ளூடூத் வழியாகச் செயலியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. சர்க்கரை எண்ணைக் கையால் தட்டச்சு செய்தால் அது தனி நிறத்தில் தெரியும். ஊசி போடுமுன் குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்துப் படம் எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தார்கள். இது வெறும் சடங்கில்லை: மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச், 100 யூனிட் மருந்தை மாற்றிச் சிவப்பு மூடியில் எடுத்துவிட்டால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். வருகையைச் சரிபார்க்கும் அத்தனை ஏற்பாடுகளையும்விட இந்த இரண்டும் எனக்குப் பெரியவை.

படுக்கைப்புண் தடுப்புக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அதற்கும் செயலியில் கட்டங்கள் உண்டு. ஒரு நாள் பார்த்தபோது பகல் அட்டெண்டர் போட்ட குறிகள் எல்லாம் ஒழுங்காக நிரம்பியிருந்தன. ஒவ்வொரு குறியையும் விரலால் சற்று நேரம் அழுத்தினால் அது போடப்பட்ட நேரம் தெரிகிறது: அன்றைய குறிகள் அனைத்தும் மாலை 6.52க்குப் போடப்பட்டவை. இவ்வளவு பயனுள்ள தகவலை அழுத்திப் பார்த்தால் மட்டுமே தெரியும்படி ஏன் ஒளித்து வைத்தார்கள் என்று புரியவில்லை.

நர்ஸ்களின் விவரப் பக்கத்தில் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவத் தாதியர் கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறது; கேட்டால் அசல் சான்றிதழையும் காட்டுகிறார்கள். அட்டெண்டர்களுக்கு அப்படிப்பட்ட பதிவு எதுவும் கிடையாது. செயலியோ இருவருக்கும் ஒரே ‘சரிபார்க்கப்பட்டவர்’ முத்திரையைக் குத்துகிறது. அட்டெண்டர் விஷயத்தில் அதற்கு ஆதார் அட்டையைப் பார்த்தோம் என்பதற்கு மேல் பொருளில்லை. சிறுநீர்க் குழாயை மாற்றும் வேலையை அந்த முத்திரையை நம்பி யாரிடமும் ஒப்படைத்துவிடக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் அரசலாற்றங்கரைக் கிராமங்களில் சிக்னல் போய்விடும். அப்போது செயலி பதிவுகளைப் போனிலேயே வைத்திருந்து பிறகு அனுப்புகிறது. போனின் கடிகாரத்தை மாற்றியிருந்தால் சர்வர் நேரத்தோடு ஒப்பிட்டுக் குறித்துவிடுகிறது. இது நன்றாகவே வேலை செய்கிறது.

நர்ஸ்களின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். வலங்கைமானிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் எங்கள் வழக்கமான சிஸ்டருக்கு, புள்ளி பின்தெருவுக்குத் தாவிய நாட்களில் சம்பளம் பிடிக்கப்பட்டிருக்கிறது. அவர் உள்ளேதான் இருந்தார் என்று நான் எழுதிக் கொடுத்த பிறகே பணம் கிடைத்தது. சிவப்புக் குறி விழுந்தால் முதலில் விசாரணை, பிறகு பிடித்தம் என்ற எளிய முறைகூட இங்கே இல்லை. டியூட்டி முடிந்த பிறகும் செயலி அவருடைய இருப்பிடத்தைத் தொடர்கிறது. அதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

ஒப்புதல் பக்கம் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இத்தகைய அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி எதிலோ படிக்கும் வாய்ப்பைத் தரச் சொல்கிறது. கும்பகோணத்தில் தொழில் நடத்தும் நிறுவனத்துக்கு ஒரு தமிழ்ப் பக்கம் பெரிய சுமையாகாது.

வருகைக்கு 400 ரூபாய் என்பது இந்த ஊருக்கு அதிகம். அந்தச் செலவு கட்டுப்படியாகாதவர்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் மாத்திரை, இயன்முறை சிகிச்சை, வலி தணிப்புப் பராமரிப்பு ஆகியவற்றை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் கேட்டுப் பார்ப்பது நல்லது. வீட்டில் ஒருவர் உடனிருந்து மீட்டரையும் குப்பியையும் பார்த்துக்கொள்ள முடிந்தால் இந்தச் சேவையைத் தாராளமாக எடுக்கலாம், நாங்களும் தொடர்கிறோம். பூட்டிய வீட்டில் தனியே இருக்கும் பெற்றோருக்காக, வெளியூரிலிருந்து பச்சைக் குறிகளை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பும் எண்ணம் இருந்தால், இப்போதைய நிலையில் நான் பரிந்துரைக்க மாட்டேன். எடுப்பவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், குறி போட்ட நேரங்களோடு முழுப் பதிவேட்டையும் மாதாமாதம் அனுப்ப வேண்டும் என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். கேட்டவர்களுக்கு மறுக்காமல் அனுப்புகிறார்கள்.