பனிச்சறுக்குப் பயணத்துக்கு எந்தக் காப்பீடு? குல்மார்க்குக்கும் ஆல்ப்ஸுக்கும் ஓர் ஒப்பீடு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பனிச்சறுக்குப் பயணம் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வாய்க்கிறது. ஒன்று, கல்லூரி முடித்த பிள்ளைகள் நண்பர்களோடு கோயம்புத்தூரிலோ நெடும்பாசேரியிலோ விமானம் ஏறி ஸ்ரீநகர் வழியாகக் குல்மார்க்குக்குப் போவது. மற்றொன்று, ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ வேலை பார்க்கும் மகனையோ மகளையோ பார்க்கச் செல்லும் பெற்றோர், அங்கிருந்து பேரப்பிள்ளைகளோடு ஆல்ப்ஸ் மலைக்கு நான்கு நாள் போய்வருவது. இரு தரப்பினரும் டிராவல்ஸ் அலுவலகத்தில் டிக்கெட்டோடு காப்பீட்டையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். ப்ரீமியம் எவ்வளவு என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இந்த இரண்டு பயணங்களுக்கும் ஒரே வகைப் பாலிசி பொருந்தாது. மேலும், பனிச்சறுக்குக்காகக் காப்பீடு எடுப்பவர் மருத்துவமனைச் செலவைப் பற்றி யோசிப்பதற்கு முன், சரிவில் விழுந்த இடத்திலிருந்து மருத்துவமனை வாசல் வரை தம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவை யார் ஏற்பார்கள் என்று பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குல்மார்க்கை முதலில் எடுத்துக்கொள்வோம். சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரிலிருந்து கொண்டோலா என்ற கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கு மேலே கொண்டுபோய் விடுகிறது. அங்கே காலை முறித்துக்கொண்டவரைக் கீழே இறக்கி, டங்மார்க் வழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீநகருக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். அந்நகரின் பர்சுல்லா பகுதியில் எலும்பு, மூட்டு சிகிச்சைக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. இந்தப் பயணத்துக்குப் பலர் நினைத்துக்கூடப் பார்க்காத காப்பீடு ஏற்கெனவே அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் சாதாரண மருத்துவக் காப்பீடுதான். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019இல் வகுத்த பொது விலக்குகளில், அதாவது காப்பீடு பணம் தராத இனங்களில், ஒன்பதாவது, சாகச விளையாட்டைப் பற்றியது. அதன் வாசகம், அத்தகைய விளையாட்டில் தொழில்முறையாக ஈடுபட்டதால் தேவைப்பட்ட சிகிச்சையை மட்டுமே விலக்குகிறது. விடுமுறைக்குப் போய்ப் பயிற்றுநரிடம் சறுக்கக் கற்றுக்கொள்ளும் மாணவர் தொழில்முறை வீரர் அல்லர். அதே பொது விதிகளில் உள்ள, பாலிசி எடுத்த முதல் முப்பது நாள் காத்திருப்புக் காலமும் விபத்துக்குப் பொருந்தாது. ஆகவே உங்கள் பாலிசியில் இந்தப் பொது வாசகமே இருக்கிறதா என்று பார்த்துவிட்டால், ஸ்ரீநகர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டு எடுக்கும் சிகிச்சைக்குத் தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லாமல் போகலாம். 2024 ஜனவரியிலிருந்து, காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் இல்லாத மருத்துவமனையிலும், அது ஒப்புக்கொண்டால், ரொக்கமில்லாச் சிகிச்சை கேட்க வழியிருக்கிறது. அவசர அனுமதி என்றால் 48 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டின் குறை வேறிடத்தில் இருக்கிறது. மாவுக்கட்டுப் போட்டு அன்றே அனுப்பிவிட்டால் அது பெரும்பாலும் பணம் தராது. சரிவிலிருந்து இறக்கிய செலவையும், பனிப்பொழிவால் ஸ்ரீநகர் விமானம் ரத்தாகி இரண்டு நாள் கூடுதலாகத் தங்கிய செலவையும் அது ஏற்காது. உள்நாட்டுப் பயணக் காப்பீடு இந்த இடைவெளியைத்தான் நிரப்ப வருகிறது. ஆனால் அதில் வரும் தொகைகள் சிறியவை. சாகச விளையாட்டு விலக்கும் மருத்துவக் காப்பீட்டில் இருப்பதைவிட அகலமாக எழுதப்பட்டிருப்பதுண்டு, தொழில்முறை என்ற வரம்பே இல்லாமல். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் போகிறவருக்கு விமானத் தாமதத்துக்காகவாவது அது பயன்படும். மூன்றாவதாக, விபத்துக் காப்பீடு இருக்கிறது. எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 2021 ஏப்ரல் முதல் விற்க வேண்டும் என்று ஆணையம் வகுத்த ‘சரல் சுரக்ஷா பீமா’ இரண்டரை லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை கிடைக்கிறது. மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் பணம் தருகிறது. வீட்டில் சம்பாதிப்பவர் ஒருவரே என்றால், பயணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் பெயரில் அது இருப்பது நல்லது. குல்மார்க்கைப் பொறுத்தவரை மருத்துவக் காப்பீட்டையும் விபத்துக் காப்பீட்டையும் முதலிடத்தில் வைப்பேன்; பயணப் பாலிசி அவற்றுக்குத் துணை.

இந்த மூன்று காப்பீடுகளுக்கும் பொதுவான ஓர் ஆபத்து உண்டு: பாதையை விட்டு விலகிச் சறுக்குவது. 2023 பிப்ரவரியில் அபர்வத் சரிவில் ஏற்பட்ட பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவரும், மறு ஆண்டு அதே மாதம் குல்மார்க்கில் ரஷ்யர் ஒருவரும் உயிரிழந்தனர். வரையறுக்கப்பட்ட சறுக்குப் பாதைகளை விட்டு விலகிச் செல்லும் சறுக்கலை எந்தப் பாலிசி எந்த நிபந்தனையோடு ஏற்கிறது என்பது தனியாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி. சில பாலிசிகள் உரிமம் பெற்ற வழிகாட்டி உடனிருந்தால் ஏற்கும். சில எந்நிலையிலும் ஏற்காது.

ஐரோப்பா என்றால் கணக்கு மாறிவிடுகிறது. இந்திய மருத்துவக் காப்பீடு பொதுவாக இந்தியாவுக்குள் எடுக்கும் சிகிச்சைக்கு மட்டுமே. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால், அதற்குப் போதுமான 50,000 டாலர் பாலிசியை டிராவல்ஸ்காரர்கள் எடுத்துக் கொடுக்கிறார்கள். விசாவுக்கு அது போதும். பனிச்சறுக்கு அதில் அடங்குமா என்பதை விசா அதிகாரி பார்ப்பதில்லை, பெற்றோரும் பார்ப்பதில்லை. ‘அவசர மருத்துவ இடமாற்றம்’ என்று பாலிசியில் எழுதியிருப்பது பெரும்பாலும் ஒரு மருத்துவமனையிலிருந்து அதைவிட வசதியான இன்னொன்றுக்கோ தாய்நாட்டுக்கோ, நிறுவனத்தின் உதவி மையம் ஒப்புக்கொண்ட பிறகு, மாற்றுவதைக் குறிக்கும். மலைச்சரிவிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்குவது ‘தேடுதல், மீட்பு’ என்ற வேறு தலைப்பில் வருகிறது; அந்தத் தலைப்பே பல பாலிசிகளில் கிடையாது.

மலைக்குப் போய்ச் சேர்ந்த பின் அங்கேயே வாங்கும் நாள் கணக்குக் காப்பீடு இங்கேதான் போட்டிக்கு வருகிறது. பிரான்ஸில் 1985ஆம் ஆண்டின் மலைச் சட்டம், சறுக்குப் பாதைகளில் நடக்கும் மீட்புக்கான செலவை விழுந்தவரிடமே வசூலிக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்தது. ஆகவே சரிவின் மேலே ஏற்றும் லிஃப்டுக்குப் பாஸ் வாங்கும் இடத்திலேயே ‘கார்ரே நெய்ஜ்’ போன்ற காப்பீடுகளை நாளுக்குச் சில யூரோவுக்கு விற்கிறார்கள். இத்தாலியில் 2022 ஜனவரி முதல், நீங்கள் மோதி இன்னொருவருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு இல்லாமல் சறுக்குப் பாதையில் இறங்கக் கூடாது. மீறினால் அபராதமும் பாஸ் பறிப்பும் உண்டு. இந்தியாவில் எடுத்த பாலிசியிலும் மூன்றாம் நபர் பொறுப்பு என்று ஒரு வரி இருக்கும்; அது பனிச்சறுக்குக்கும் செல்லுமா என்பதற்கு எழுத்துச் சான்று கையில் இல்லையென்றால், இத்தாலியில் பாஸோடு சேர்த்து வாங்கிவிடுவதே எளிது. ஸ்விட்சர்லாந்தில் 1952இல் தொடங்கிய ‘ரேகா’ என்ற வான்மீட்பு அமைப்புக்கு ஆண்டு நன்கொடை கொடுத்து ஆதரவாளராகலாம். ஆதரவாளர்களுடைய மீட்புச் செலவை வேறு யாரும் ஏற்காதபோது அமைப்பு அதைத் தள்ளுபடி செய்யக்கூடும். ஆனால் அது காப்பீடு அல்ல, விசாவுக்கும் செல்லாது.

இப்போது உண்மையான தேர்வு எது என்று பார்க்கலாம். தொண்ணூறு நாள் தங்கப் போகும் பெற்றோர், நான்கு நாள் பனிக்காக மொத்தக் காலத்துக்கும் குளிர்கால விளையாட்டையும் பாலிசியில் சேர்க்கக் கூடுதல் ப்ரீமியம் கட்ட வேண்டுமா, அல்லது சாதாரணப் பாலிசியோடு அங்கே நாள் கணக்கில் வாங்கிக்கொள்ளலாமா? சாதாரணப் பாலிசி பனிச்சறுக்கை வெளிப்படையாக விலக்கியிருந்தால் இரண்டாவது வழி ஆபத்தானது, ஏனென்றால் நாள் கணக்குக் காப்பீடு மீட்பையும் சிறு தொகைச் சிகிச்சையையும் பார்த்துக்கொள்ளும். தொடை எலும்பு அறுவை சிகிச்சைக்கும் பத்து நாள் படுக்கைக்கும் அது போதாது. விலக்கு இல்லையென்றால் சாதாரணப் பாலிசியையும் நாள் கணக்குக் காப்பீட்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதே நான் பரிந்துரைக்கும் வழி. பாட்டி சறுக்கப்போவதில்லை என்று விட்டுவிட வேண்டாம். பேரனோடு பனிவண்டியில் உட்கார்ந்து சரிவில் இறங்குவதையும் சில பாலிசிகள் குளிர்கால விளையாட்டாகவே எண்ணும்.

பல பயணங்களுக்கான ஆண்டுப் பாலிசி இவர்களுக்குப் பொருந்தாது. ஒரு பயணத்துக்கு 30, 45 அல்லது 60 நாள் என்று அதில் வரம்பு இருக்கும். கிரெடிட் கார்டோடு இலவசமாக வருவது பெரும்பாலும் விமான விபத்துக்கானது. டிக்கெட்டை அந்தக் கார்டில் வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அதை நம்பி மலை ஏறக் கூடாது.

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பெற்றோரும் ஷார்ஜாவிலிருந்து மகனும் ஒரே ஊரில் போய்ச் சேரும் பயணங்கள் இங்கே வழக்கம். இந்திய நிறுவனங்களின் வெளிநாட்டுப் பயணப் பாலிசி பொதுவாக இந்தியாவில் தொடங்கி இந்தியாவில் முடியும் பயணத்துக்கே செல்லும். ஆகவே மகனை அந்தக் குடும்பப் பாலிசியில் சேர்ப்பதைவிட அவர் வசிக்கும் நாட்டிலேயே தனியாக எடுப்பதுதான் சரி. சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ள பெற்றோர் அதை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்தது தெரிந்தால் முறிந்த எலும்புக்கான க்ளெய்மிலும் தகராறு வரும்.

சறுக்குபவர்களுக்கு அதிகம் அடிபடுவது முழங்கால். ஜவ்வு கிழிந்தால் பல நேரம் வீக்கம் வடிந்த பிறகே அறுவை சிகிச்சை செய்கிறார்கள். அதற்குள் நீங்கள் ஊர் திரும்பியிருப்பீர்கள். பயணப் பாலிசியின் பொறுப்பு பொதுவாக அங்கே முடிந்துவிடும். கோயம்புத்தூரில் நடக்கும் அறுவை சிகிச்சைக்கு வீட்டு மருத்துவக் காப்பீடுதான் வர வேண்டும். அதனால் பயணத்தின் நடுவில் அதன் புதுப்பிப்புத் தேதி வருகிறதா என்று பார்த்து, கிளம்பும் முன்பே கட்டிவிடுங்கள். மலையில் கொடுக்கும் மீட்பு அறிக்கை, எக்ஸ்ரே, எம்ஆர்ஐ, மருத்துவர் குறிப்பு ஆகியவற்றின் அசல்களைப் பயணக் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீட்டு நிறுவனமும் அவற்றையே கேட்கும்.