காட்பாடி சாலையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக் கடை: டைனமோ பழுதுக்கு நம்பிப் போகலாம்

இலவம்பாடி முள்ளு கத்தரிக்காயை வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு ஏற்றிச் செல்லும் எங்கள் பழைய பிக்கப்பில், பேட்டரித் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை வற்றி, முகப்பு விளக்குகளும் அடுத்தடுத்து எரிந்துபோயின. வேறொரு கடைக்காரர் சொன்னபடி புது பேட்டரி வாங்கியும் பேட்டரியிலிருந்து வந்த அழுகிய முட்டை நாற்றம் நிற்கவில்லை.

இந்தக் கடைக்காரர் எதையும் கழற்றும் முன் மீட்டரைத்தான் எடுத்தார். எஞ்சின் நின்றிருந்தபோது 12.6 வோல்ட் காட்டிய பேட்டரி, ஓடும்போது 15.6 வோல்ட்டைத் தொட்டது, 14.4 அளவில் நிற்க வேண்டியது அது. பலரும் இந்த இடத்தில், சார்ஜ் அளவைக் கட்டுப்படுத்தும் கட்அவுட்டையோ, ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் தரும் டைனமோவையோ மாற்றச் சொல்லிவிடுவார்கள். அவரோ, பேட்டரியின் அளவைக் கட்அவுட்டுக்குத் தெரிவிக்கும் மெல்லிய ஒயரில் மீட்டரை வைத்து, அங்கே 14.4 மட்டுமே வருவதைக் காட்டினார். இணைப்பில் பச்சை பூத்து 1.2 வோல்ட் வழியிலேயே குறைந்ததால், பேட்டரிக்குப் போதவில்லை என்றெண்ணி கட்அவுட் கூடுதலாக சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தது. முனையை வெட்டிப் புதிதாகப் பொருத்தி, எர்த் இணைப்பையும் சுரண்டி இறுக்கிய பின் 14.3 காட்டியது.

கூலி 450 ரூபாய். ரசீது தராததும், வேலூர் வெயிலில் உட்கார நிழலின்றி அரை நாள் நிற்கவைத்ததும் குறைகளே. ஆயினும் தேவையில்லாத டைனமோவை அவர் என் தலையில் கட்டவில்லை.