அமெரிக்க உள்ளூர் தொலைபேசிக் கட்டணம்: லாபத்துக்கு வரம்பா, விலைக்கு வரம்பா?

லாபத்துக்கு வரம்பு வைக்கும் பழைய முறையில், கட்டணத்தைத் தீர்மானிக்கும் மாநில ஆணையம் கணக்கையே திறந்து பார்க்கும்: இயக்கச் செலவு, தேய்மானம், வரி, அதோடு முதலீட்டுக்கு அனுமதித்த லாபம். இந்தக் கூட்டுத்தொகை கிடைக்கும்படி கட்டணத்தை வைக்கும். 10 கோடி டாலர் முதலீட்டுக்கு 10 சதவீதம் என்றால் 1 கோடி. கோளாறும் அங்கேதான். முதலீடு பெருத்தால் லாபமும் பெருக்கும். அழைப்புகளை இணைக்கும் ஸ்விட்ச் இயந்திரத்தைத் தேவையில்லாமலும் வாங்கத் தோன்றும். ஆவெர்ச், ஜான்சன் என்ற பொருளியலாளர்கள் 1962-லேயே இதைச் சொல்லிவிட்டார்கள்.

விலை வரம்பு முறையில் பணவீக்கத்திலிருந்து, ஆண்டுக்கு எதிர்பார்க்கும் உற்பத்தித்திறன் உயர்வு விகிதத்தைக் கழிப்பார்கள். கட்டணம் அந்த அளவுக்கு மேல் ஏறக்கூடாது. கலிபோர்னியா 1989-ல் இந்த உற்பத்தித்திறன் விகிதத்தை 4.5 சதவீதமாக வைத்தது. மிகை லாபத்தை வாடிக்கையாளரோடு பகிரவும் சொன்னது. பணவீக்கம் 3 சதவீதமானால், வரம்புக்குள் வரும் 20 டாலர் கட்டணம் 19.70 ஆகும். செலவைச் சுருக்கினால், பகிர வேண்டியது போக மிச்சம் நிறுவனத்துக்கு. முதல் வெட்டு பெரும்பாலும் பழுதுபார்க்கும் ஆட்கள் மேல் விழும். லைன் அறுந்தால் சரியாக நாளாகும். சேவைத் தரத்துக்குத் தனி அபராதம் இல்லாவிட்டால் இது ஆபத்து. கிராமப்புறச் சிறு நிறுவனங்களுக்குப் பழையதே தேவலை.