வாகைக்குளத்துக்கு ஏற்ற கட்டுப்பாட்டுக் கோபுரம் எது?

நெல்லைச் சீமைக்காரர்களுக்குப் பக்கத்து விமான நிலையம் என்றால் அது தூத்துக்குடி சாலையில் உள்ள வாகைக்குளம்தான். அங்கே 1,350 மீட்டராக இருந்த ஓடுதளம் 3,115 மீட்டராக நீண்டு, 2025 ஜூலை 26 அன்று புதிய முனையமும் திறக்கப்பட்டது. விமானங்கள் ஏறவும் இறங்கவும் அனுமதி தரும் கட்டுப்பாட்டுக் கோபுரம் ஒன்றும் அதே விரிவாக்கத் திட்டத்தில் புதிதாக இடம்பெற்றது. பழையதைச் செப்பனிடுவது, புதியதை எழுப்புவது, கேமராக்களைக் கொண்டு தொலைவிலிருந்து இயக்குவது என்ற மூன்று வழிகளில் புதியதை எழுப்புவதே இந்த மண்ணுக்குச் சரி என்பது என் உறுதியான கருத்து.

செப்பனிடுவதில் செலவு குறைவு என்பது உண்மைதான். ஆனால் கோபுரத்தின் வயதைச் சிமெண்டையும் கம்பியையும் மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஓடுதளம் நீளும் அன்றே நல்ல கட்டடமும் பழசாகிவிடுகிறது. கட்டுப்பாட்டாளரின் பார்வை ஓடுதளத்தின் முக்கியப் புள்ளிகளில் தரையோடு குறைந்தது 0.8 டிகிரி கோணத்தில் இறங்க வேண்டும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் அளவுகோல். பக்கவாட்டுத் தூரத்தை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 1,350 மீட்டர் ஓடுதளத்தின் நடுவில் நிற்கும் கோபுரத்தில் கண்மட்டம், அதாவது தரையிலிருந்து கட்டுப்பாட்டாளரின் கண் இருக்கும் உயரம், 10 மீட்டருக்குள் இருந்தாலே போதும். 3,115 மீட்டருக்கு அது சுமார் 22 மீட்டராகிறது. அதே கோபுரம் நடுவில் இல்லாமல் ஒரு முனையருகே இருந்தால் 43 மீட்டருக்கு மேல் தேவைப்படும். ஆகவே உயரத்தைவிட இடமே முதலில் தீர்மானிக்கப்பட வேண்டியது, பழைய கோபுரத்தை எவ்வளவு செப்பனிட்டாலும் அதை இடம் மாற்ற முடியாது.

தொலைநிலைக் கோபுரத்தை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. ஸ்வீடனின் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் விமான நிலையம் 2015 முதல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள சுண்ட்ஸ்வாலிலிருந்து இயக்கப்படுகிறது; லண்டன் சிட்டி விமான நிலையத்திலோ 50 மீட்டர் உயரக் கம்பத்தில் உள்ள கேமராக்கள் எடுக்கும் காட்சிகள் 2021 முதல் தொலைவிலுள்ள ஸ்வான்விக் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகின்றன. நாளுக்குச் சில விமானங்களே வரும் சிறு நிலையங்கள் பலவற்றை ஒரே மையத்தில் இணைக்கலாம் என்பதும், இருட்டில் வெப்பக் கேமரா மனிதக் கண்ணைவிடத் தெளிவாகக் காட்டும் என்பதும் பெரிய நன்மைகள். ஆனால் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதையும், தாமிரபரணிக் கரையோர ஊர்கள் மின்சாரமும் தொலைபேசியும் இன்றித் துண்டிக்கப்பட்டதையும் நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். நிவாரண விமானங்களும் ஹெலிகாப்டர்களும் அதிகம் தேவைப்படும் அந்த நேரத்தில், ஃபைபர் இணைப்பு அறுந்தால் மதுரையிலோ சென்னையிலோ இருக்கும் திரை வெறுமையாகிவிடும். இணைப்பைப் பல வழிகளில் இரட்டிப்பாக்கலாம். ஆனால் எல்லா வழிகளும் அதே வெள்ளக்காட்டைக் கடந்தே போக வேண்டும். உப்பளக் காற்றும், ஆடிக் காற்று கிளப்பும் செம்மண் தூசியும் லென்சில் படியும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

புதிய கோபுரத்தின் வலிமை உச்சி அறையில் தெரிகிறது. அதன் கண்ணாடிகள் மேல்விளிம்பு வெளியே சாய்ந்திருக்குமாறு பொருத்தப்படுகின்றன. உள்விளக்குகளின் பிரதிபலிப்பு கட்டுப்பாட்டாளரின் கண்ணில் படாமல் விலகிப் போவதற்காகவே அந்தச் சாய்வு. வானொலித் தொடர்பு அற்றுப்போனால் கையில் எடுக்கும் விளக்கால், வானில் இருக்கும் விமானத்துக்கு நிலையான பச்சை காட்டி இறங்க அனுமதி தரலாம். இணைப்பு எதுவும் இல்லாத வேளையிலும் ஒருவர் கண்ணால் பார்த்து முடிவெடுக்க முடியும் என்பதற்காகவே நான் இதை ஆதரிக்கிறேன்.

புதிய கோபுரத்தின் செலவு அதிகம், காலமும் பிடிக்கும். அது முழுப் பணிக்கு வரும்வரை பழைய கோபுரத்தை இயங்கும் நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். ஜெனரேட்டரையும் தகவல்தொடர்புக் கருவி அறையையும் தரைத்தளத்தில் வைக்காமல் 2023 வெள்ளத்தை மனத்தில் கொண்டு உயர்த்தி அமைப்பதும், ஓடுதளத்தின் தொலைமுனைகளில் துணைக்குக் கேமராக்கள் நிறுத்துவதும் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டியவை.